வட்டத்துக்குள் முளைத்த புள்ளிகள்

என் கணவரின் காலிலிருந்து வெட்டியெடுத்த சதைத்துண்டு எங்கள் லேபுக்கு வந்தபோது நான்தான் வேலையில் இருந்தேன். மூடி போட்ட சின்ன டப்பா. லேபிளில் அவர் பெயர், வயது, வார்டு. மற்ற டப்பாக்களோடு சேர்ந்து ஒரே டிரேயில்தான் வந்தது. கையுறை மாட்டிக்கொண்டு வரிசைப்படி வேலை செய்தேன். அதன் முறை வந்ததும் அதை எடுத்தேன்.

ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் நுண்ணுயிரியல் லேபில் இருக்கிறேன். சீழ், சிறுநீர், ரத்தம், சளி என்று வருவதை ஊட்டக்கூழ் ஊற்றிய தட்டில் தேய்த்து வளர்ப்போம். வளர்ந்தது என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று சொல்வோம். இவ்வளவுதான் வேலை. நான் பிறந்த கல்லாவிப் பக்கம் மருந்து "கேக்குது", "கேக்கல" என்பார்கள். காய்ச்சல் இறங்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து "எந்த மருந்துக்கும் கேக்கல சார்" என்பார்கள். லேபில் நாங்கள் அதையே S, R என்று இரண்டு ஆங்கில எழுத்துகளாக எழுதுகிறோம்.

அந்த வருஷம் மருத்துவமனை புது மிஷின் ஒன்று வாங்கியிருந்தது. அதுவரை எங்களிடம் இருந்தது பழைய முறை. தட்டு முழுக்கக் கிருமியைப் பூசி, டிஸ்க் என்கிற, மருந்து ஊறிய சின்னக் காகித வில்லைகளை மேலே வைப்போம். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால், மருந்து வேலை செய்யும் வில்லையைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் தெளிவான வட்டம் இருக்கும். அந்த வட்டத்தின் குறுக்களவை ஸ்கேல் வைத்து அளந்து, அட்டவணையைப் பார்த்து முடிவு சொல்வோம். புது மிஷின் ஃபிரிட்ஜ் உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் இருந்தது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் அட்டையில் கிருமி கலந்த நீரை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அட்டையின் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு அளவில் மருந்து. எந்தக் குழி கலங்குகிறது, எது கலங்கவில்லை என்று ஒளி பாய்ச்சிப் பார்த்துக்கொண்டே இருக்கும். காலையில் வைத்தால் சாயங்காலத்துக்குள் எண் வந்துவிடும். வட்டத்துக்காக ஒரு நாள் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் லேபுக்குத் தலைமை ஒரு டாக்டரம்மா. சேலத்துக்காரர். மிஷின் வந்த அன்றே சொல்லிவிட்டார்.

"உடனே பழசைத் தூக்கிப் போட வேணாம். சில மாசம் ரெண்டையும் சேர்த்தே ஓட்டுவோம். எங்க ஒத்துப்போகுது, எங்க ஒத்துப்போகலன்னு தெரியணும். அப்புறம்தான் எதை நம்பி இந்த ஆஸ்பத்திரியில மருந்து கேக்காத கிருமி எவ்ளோ இருக்குன்னு சொல்றதுன்னு முடிவு பண்ணலாம்."

நானும் இன்னொரு பெண்ணும் அதைச் செய்தோம். அவள் கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அப்பாவுக்கு மாங்காய் மண்டி. என்னைவிட இளையவள், என்னை அக்கா என்பாள். தலையில் சுற்றிய துப்பட்டாவின் மேல் லேப் தொப்பியை மாட்டிக்கொண்டு, நான் அளக்க அளக்க அவள் கணினியில் அடிப்பாள். ஏறக்குறைய எல்லாமே ஒத்துப்போனது. மிஷின் கேக்கும் என்றால் வட்டமும் கேக்கும் என்றது. எங்களுக்கே அலுத்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் என் கணவர் விழுந்தார்.

அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சிஎன்சி ஆபரேட்டர். வண்டிகளுக்கான உதிரிபாகம் கடைகிற இடம். ஷிப்ட் முடிந்து காலையில் பைக்கில் வந்துகொண்டிருந்தார். நாங்கள் பாகலூர் ரோட்டில் குடியிருந்தோம். தூறல். எதிரே ரோஜாப்பூ ஏற்றிய டெம்போ ஒன்று பள்ளத்தைத் தவிர்க்க இந்தப் பக்கம் ஒடித்திருக்கிறது. இவர் ஓரம் ஒதுங்கியதும் சறுக்கி, பைக் காலின் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. காயம் முழுக்க ரோட்டு மண். டெம்போக்காரரே தூக்கி உட்கார வைத்து, தெலுங்கில் புலம்பிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறார். எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள்.

அன்று காயத்தைக் கழுவி, காலுக்கு வெளியே கம்பிகளும் திருகுகளுமாக ஒரு சட்டம் மாட்டினார்கள். மயக்கம் தெளிந்ததும் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க கம்பெனி ஃபிக்ஸ்சர் மாதிரியே இருக்கு. பீஸ் ஆடாம புடிச்சுக்கறதுக்கு" என்றார்.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

முதல் சில நாள் நன்றாகத்தான் இருந்தார். அத்தை கல்லாவியிலிருந்து வந்து கூடவே தங்கினார். என் மாமியாரும் அவர்தான், என் அப்பாவின் அக்காவும் அவர்தான். பக்கத்துக் கட்டிலில் தளியிலிருந்து வந்த ஒரு முட்டைக்கோஸ் விவசாயி கையுடைந்து படுத்திருந்தார். அவர் மனைவி கன்னடத்திலும் அத்தை தமிழிலுமாக நாளெல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள். அத்தை எழுந்து போனால் அந்தம்மா இவரைப் பார்த்துக்கொள்வார். பிறகு கட்டு பிரிக்கும்போது வாடை வந்தது. காய்ச்சல் வந்தது. எலும்பு டாக்டர் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கெட்ட சதையை எடுத்தார். அதிலிருந்து ஒரு துண்டைத்தான் லேபுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை தட்டில் வழவழவென்று சளிபோலக் கிருமி முளைத்திருந்தது. இந்தக் கிருமியை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். கிளெப்சியெல்லா. குச்சியால் தொட்டால் நூலாக இழுபடும். தொட்டேன், இழுபட்டது. ஒரு அட்டையை மிஷினில் வைத்தேன், ஒரு தட்டில் வில்லைகளை வைத்தேன்.

கிருஷ்ணகிரிப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நான் செய்யறேன். நீங்க போய் அண்ணன்கிட்ட இருங்க."

"பரவால்லமா. வேலைதானே."

அவள் போகவில்லை. என் பின்னாலேயே நின்றிருந்தாள்.

சாயங்காலம் மிஷினின் முடிவு வந்தது. ஒவ்வொரு மருந்துக்கும் நேரே கேக்காது, கேக்காது என்று இறங்கிக்கொண்டே போனது. மெரோபெனெம் என்கிற மருந்துக்கு மட்டும் கேக்கும் என்று இருந்தது. எல்லைக்குப் பக்கத்தில்தான், ஆனால் கேக்கும் பக்கம். இது பெரிய மருந்து. மற்றவை தோற்ற பிறகு கையில் எடுப்பது. டாக்டரம்மா அதை எலும்பு டாக்டருக்குச் சொன்னார். அன்றே நரம்பில் மருந்து ஏறத் தொடங்கியது.

அடுத்த நாள் காலையில் தட்டைத் திறந்தேன். மெரோபெனெம் வில்லையைச் சுற்றி நல்ல அகலமான வட்டம். ஸ்கேலை வைக்கப் போனபோது வட்டத்துக்குள் புள்ளிகள் தெரிந்தன. குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றும் முளைக்கக் கூடாத இடத்தில் முளைத்திருந்தன.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் தட்டை வாங்கி லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு, "வேற கிருமி கலந்திருக்கா பாரு. அந்தப் புள்ளியையே எடுத்து மறுபடி வளர். மிஷினும் மறுபடி போடு" என்றார்.

வேறு கிருமி கலக்கவில்லை. அதே கிளெப்சியெல்லாதான். மிஷின் மறுபடியும் கேக்கும் என்றது. தட்டில் மறுபடியும் வட்டத்துக்குள் புள்ளிகள் வந்தன. இப்படி இருந்தால் மருந்து கேக்காது என்றுதான் எழுத வேண்டும், அதுதான் விதி. மிஷின் பார்ப்பது குழி கலங்குகிறதா என்பதை. பெரும்பாலான கிருமி செத்து, கொஞ்சம் மட்டும் தப்பினால் அந்த நேரத்துக்குள் குழி கலங்காமலே இருந்துவிடலாம். தட்டு ஒரு நாள் பொறுத்திருக்கிறது, தப்பியவை முளைத்துக் காட்டிவிடுகின்றன. டாக்டரம்மா இதை எனக்குச் சொன்னபோது நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் தெரிந்ததுதான். அவர் குரல் மட்டும் எங்கோ பக்கத்து ரூமிலிருந்து வருவதுபோல் இருந்தது.

"பெங்களூருக்கு அனுப்பிடலாம்" என்றார். அங்கே ஒரு மருத்துவக் கல்லூரி லேபில் மூன்றாவது முறையில் பார்ப்பார்கள். மருந்தை ஒவ்வொரு குழியிலும் பாதி பாதியாகக் குறைத்து, கையாலேயே கரைத்து, கிருமியை விட்டு, எந்த அளவில் அடங்குகிறது என்று கண்ணால் பார்க்கிற முறை. நேரம் பிடிக்கும், ஆள் பிடிக்கும். தினசரி வேலைக்கு யாரும் செய்வதில்லை. ஆனால் மற்ற இரண்டும் சண்டை போட்டால் இதைத்தான் கேட்பார்கள். கிருமியைக் குப்பியில் அடைத்து, அதை இன்னொரு டப்பாவில் வைத்து, மருத்துவமனை வண்டியில் கொடுத்தனுப்பினேன். அத்திப்பள்ளி தாண்ட எவ்வளவு நேரமாகும் என்று டிரைவரைக் கேட்டேன். "டிராபிக்கைப் பொறுத்துங்க" என்றார்.

டாக்டரம்மா எலும்பு டாக்டரிடமும் போனில் பேசினார். நான் அங்கேதான் இருந்தேன். எலும்பு டாக்டர் பிறகு என்னை வார்டு வராந்தாவில் பார்த்துச் சொன்னார்.

"வேற இருக்கறது கொலிஸ்டின். கிட்னியை அடிக்கும். ஏற்கனவே கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கு. பெங்களூர் ரிசல்ட் வர்ற வரைக்கும் இதையே டோஸ் ஏத்திக் கொடுத்துப் பார்க்கலாம்னு இருக்கேன். நீங்களே லேப்ல இருக்கீங்க. என்ன சொல்றீங்க?"

"ரெண்டும் வேற வேற சொல்லுது சார்" என்றேன்.

"தெரியும்மா. அதான் கேக்கறேன்."

அவர் நர்ஸிடம் டோஸை ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல டாக்டர். அன்று நான் கேண்டீனில் சாம்பார் சாதம் சாப்பிட்டேன். உப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை, ஆனால் தட்டைக் காலி செய்திருந்தேன்.

அத்தை கேட்டார். "நீதானே பாக்கற. எந்த மருந்துக்குக் கேக்குமாம்?"

"பாத்துட்டு இருக்கோம் அத்தை."

"இத்தனை வச்சிருக்கீங்க, ஒண்ணுக்குக்கூடவா கேக்காது? சின்ன வயசுல இவனுக்குக் காய்ச்சல் வந்தா ஒரே ஊசிதான். எந்திரிச்சு ஓடுவான்."

அவரிடம் என்ன என்று விளக்குவது. "கேக்கும் அத்தை" என்றேன்.

இவரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். ஒரு மத்தியானம் அத்தை துணி துவைக்கப் போயிருந்தபோது, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மிஷினையும் தட்டையும் பற்றி முழுசாகச் சொன்னேன். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. ஆனால் கவனமாகக் கேட்டார். அளவு என்றால் அவருக்குப் பிடிக்கும்.

"எங்க கம்பெனியில ரெண்டு கேஜ் ரெண்டு ரீடிங் காட்டுச்சுன்னா பீஸை ஓட்ட மாட்டோம். சிவப்பு டேக் போட்டு ஓரமா வச்சிடுவோம். அளவு சரின்னு தெரிஞ்ச மாஸ்டர் பீஸை எடுத்துட்டு வந்து ரெண்டையும் செக் பண்ணி, எது தப்புன்னு பாத்துட்டுதான் அப்புறம்."

"அதான் பெங்களூர் போயிருக்கு."

"ம்." கொஞ்ச நேரம் சட்டத்துக்குள் இருந்த காலைப் பார்த்தார். "காலை ஓரமா எடுத்து வைக்க முடியாதே."

தளிக்காரம்மா கொண்டுவந்து வைத்த கேரட்டை நறுக்கிக் கொடுத்தேன். ஒரு துண்டு தின்றார்.

பெங்களூரிலிருந்து முடிவு வந்த காலையில் நான் சிறுநீர்க் கிருமி வளர்த்த தட்டுகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா தன் அறையிலிருந்து வெளியே வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்காருகிறவர் இல்லை.

"டிஸ்க்தான் கரெக்ட்" என்றார். "கேக்காது."

"சரிங்க மேடம்" என்றேன். கையில் இருந்த தட்டைப் பார்த்து முடித்து, கீழே வைத்து, அடுத்ததை எடுத்தேன். அவர் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி வைத்தார். "போ. வார்டுக்குப் போ" என்றார்.

கொலிஸ்டின் ஆரம்பித்தார்கள். ஆனால் அதற்குள் காய்ச்சல் விடாமல் அடித்தது, ரத்த அழுத்தம் இறங்கியது, சிறுநீர் குறைந்தது. எடுத்த ஸ்கேனில் கிருமி எலும்புக்குள் போயிருப்பது தெரிந்தது. எலும்பு டாக்டர் என்னையும் அத்தையையும் உட்கார வைத்துப் பேசினார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிரைக் காப்பாற்றலாம், மருந்தையும் சீக்கிரம் நிறுத்திக் கிட்னியைக் காப்பாற்றலாம் என்றார். காத்திருந்தால் முழங்காலும் போகும், ஆளும் போகலாம் என்றார். அத்தை சத்தம் போட்டு அழுதார். சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. டாக்டர் மேஜையில் எலும்புக்கூட்டின் பாதம் ஒன்று இருந்தது, பிளாஸ்டிக்கில். விரல் எலும்புகளைக் கம்பியால் கோத்திருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவரிடம் நான்தான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொண்டார்.

"முட்டிக்குக் கீழயா, மேலயா?"

"கீழ."

"கீழன்னா சரி. எடுத்துடச் சொல்லு." பிறகு, "நீ தியேட்டர் வாசல்ல நிக்காத. அம்மாவைக் கூட்டிட்டுக் கீழ போய் உக்காரு. ஒரு டீ குடி" என்றார்.

நாங்கள் கீழே போகவில்லை. தியேட்டர் வாசலிலேயே இருந்தோம். கிருஷ்ணகிரிப் பெண் பிளாஸ்கில் டீ கொண்டுவந்தாள். அத்தைக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கை சூடாக இருந்ததை வைத்துத்தான் என் கை சில்லிட்டிருப்பது எனக்கே தெரிந்தது.

வெட்டிய ஓரத்திலிருந்து மறுபடி சதை லேபுக்கு வந்தது. சுத்தமாக எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க. அதை அவள் தட்டில் போட்டாள், நான் போடவில்லை. ஒன்றும் முளைக்கவில்லை. காய்ச்சல் இறங்கியது. கிட்னி மெதுவாகத் திரும்பி வந்தது. ஒரு காலையில் வார்டுக்குப் போனபோது, அத்தையிடம் இட்லிக்குக் காரச் சட்னி ஏன் இல்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அத்தை சந்தோஷத்தில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு லேபுக்குப் போனேன். வேலை குவிந்திருந்தது.

ஒப்பீடு முடிந்ததும் டாக்டரம்மா மருத்துவமனை டாக்டர்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார். ஒரு நோயாளியிடமிருந்து எத்தனை தடவை ஒரே கிருமி வந்தாலும் கணக்கில் ஒரு தடவைதான் சேர்ப்போம். இல்லாவிட்டால் ஒரே ஆளின் கிருமி ஊரெல்லாம் இருப்பதுபோல் கணக்கு காட்டும். ஆகவே என் கணவர் அதில் ஒரு வரி. கூட்டத்துக்கு முன்னால் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்த வரியை நான் பேசும்போது நீ வெளிய இருக்கறதுன்னா இரு" என்றார். நான் உள்ளேயே இருந்தேன். புரொஜெக்டரை இயக்குவது நான்தானே.

கூட்டத்தில் டாக்டரம்மா சொன்னது இதுதான்: மிஷின் வேகம், தட்டு தாமதம். மிஷினில் ஆளுக்கு ஆள் மாறாது, தட்டில் அளக்கிற கண்ணைப் பொறுத்து ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி ஆகும். ஆனால் சில கிருமிகளில், அதுவும் இந்தப் பெரிய மருந்துகள் விஷயத்தில், மிஷின் கேக்கும் என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இனி தினசரிக்கு மிஷின், அது எல்லைப் பக்கத்தில் எண் காட்டினால் கூடவே தட்டு, சந்தேகம் இருந்தால் பெங்களூர். இதுதான் முடிவு. இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறோம்.

கடைசியில் எலும்பு டாக்டர் எழுந்தார்.

"அந்தக் கேஸ்ல, அன்னைக்கே டிஸ்க்கை நம்பி மருந்தை மாத்தியிருந்தா கால் இருந்திருக்குமா மேடம்?"

டாக்டரம்மா அவரைப் பார்த்துச் சொன்னார். "தெரியாது டாக்டர். எலும்புக்குள்ள எப்ப போச்சுன்னு நமக்குத் தெரியாது. மாத்தியிருந்தாலும் கொலிஸ்டின்தான் இருந்திருக்கும். இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்."

எலும்பு டாக்டர் உட்கார்ந்தார். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முயற்சி செய்கிறார்கள் என்று தெரிந்தது. புரொஜெக்டரின் விசிறி உய்யென்று ஓடியது. அடுத்த படத்துக்குத் தள்ளினேன்.

இவர் இப்போது செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு நடக்கிறார். கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்து பீஸ் அளக்கிற வேலை. ஆரம்பத்தில் வீட்டில் யாரிடமும் பேசாமல் இருந்தார். பிறகு பேசினார். பாகலூர் ரோட்டு வீட்டில் படி அதிகம், அதனால் தரைத்தளமாகப் பார்த்து மாறினோம். அத்தை மாசத்துக்கு ஒருமுறை கல்லாவியிலிருந்து வந்து அந்தச் செயற்கைக் காலைத் துடைத்து வைத்துவிட்டுப் போகிறார். எனக்கு அழுகை எப்போதாவது வரும் என்று காத்திருந்தேன். இதுவரை வரவில்லை.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கேட்டார்.

"அந்தக் கிருமி என்னாச்சு? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இல்ல. ரெண்டு முறையிலயும் ஒத்துப்போகாததை எல்லாம் எடுத்து வச்சிருவோம். புது டிஸ்க் வந்தா, மிஷினுக்குப் புது அட்டை வந்தா, சரியாக் காட்டுதான்னு பாக்கறதுக்கு."

"எங்க வச்சிருக்கீங்க?"

"ஃப்ரீசர்ல. குப்பியில."

"உயிரோடயா?"

"ஆமா. வெளிய எடுத்துத் தட்டுல போட்டா மறுநாள் முளைச்சிரும்."

உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபமா என்று நினைத்தேன். இல்லை.

"அப்ப அதான் இப்ப மாஸ்டர் பீஸா?"

"ஒரு வகையில."

"நல்லா வேலை செய்யுதா?"

"செய்யுது. புது மிஷின் அட்டை போன வாரம் சரியாச் சொல்லிடுச்சு. கேக்காதுன்னு."

"சரி" என்றார். ஒரு பட்டாணி உருண்டு கதவுப் பக்கம் போனது. எழுந்து எடுக்கப் போனேன். "விடு, அப்புறம் எடுத்துக்கலாம்" என்றார். உட்கார்ந்தேன்.